பழைய டீலக்ஸ் ரிவர்ப் ஆம்ப்புக்கு எந்த 12 அங்குல ஸ்பீக்கர்?

தந்தி6

வணக்கம். 1966 ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப் ஒன்றுக்கு ஸ்பீக்கர் வேண்டும். ஏபி763 சர்க்யூட் (அந்தக் காலத்து ஃபெண்டரின் ஒரு வடிவமைப்பு), உள்ளே யாரும் கை வைத்த மாதிரி தெரியவில்லை. இப்போது இருப்பது ஆக்ஸ்ஃபோர்டு 12கே5-6. சட்டத்தின் விளிம்பில் 465-632 என்று முத்திரை இருக்கிறது. தடித்த தந்தியை விரல் வைக்காமல் அடித்தால் கரகரவென்று உரசுகிறது. கோனைக் கையால் அழுத்தினாலும் லேசான உரசல். மல்டிமீட்டரில் 6.4 ஓம்.

டெலிகாஸ்டர், வால்யூம் 4 அல்லது 5, பேஸ் குமிழ் 5. டிரம்ஸ் இருக்கும் சின்ன ஹாலில் கிளீனாகக் கேட்க வேண்டும். பட்டியலில் ஜென்சன் சி12என், செலஸ்டியன் விண்டேஜ் 30, செலஸ்டியன் புளூ, எமினென்ஸ் கேனபிஸ் ரெக்ஸ். எது பொருந்தும்? இல்லை, ஆக்ஸ்ஃபோர்டையே ரீகோன் (கோனையும் காயிலையும் புதிதாக மாற்றுவது) செய்துவிடலாமா?

வால்வுராசா

கடைக்குப் போறதுக்கு முன்னாடி அந்த உரசல் எங்கேயிருந்து வருதுன்னு பாத்துடுங்க தம்பி. ஸ்பீக்கரைப் பலகையோட பிடிச்சிருக்கிற நட்டு எல்லாத்தையும் அரைச் சுத்து தளர்த்துங்க. நடு மூடியைச் சுத்தி ரெண்டு கை விரலையும் சமமா வெச்சு மெதுவா அழுத்துங்க. ஒரு பக்கமா அழுத்தினா நல்ல ஸ்பீக்கர்கூட உரசும், அதை நம்பக் கூடாது. தளர்த்தினதும் உரசல் போச்சுன்னா எவனோ நட்டை வெறி புடிச்ச மாதிரி இறுக்கி சட்டத்தை முறுக்கியிருக்கான்னு அர்த்தம். போகலைன்னா ஸ்பீக்கரைக் கழட்டி 180 டிகிரி திருப்பி மாட்டுங்க. அறுபது வருஷம் ஒரே வாக்குல நின்ன கோன் கீழ்ப்பக்கம் இறங்கி, வாய்ஸ் காயில் (கோனை அசைக்கிற கம்பிச் சுருள்) ஒரு ஓரத்துல தேய ஆரம்பிச்சிருக்கும். தலைகீழா மாட்டினா பல நேரம் அடங்கிடும். அப்பவும் உரசினா காயில் வட்டம் குலைஞ்சிருக்கு, இல்ல சுத்து பிரிஞ்சு நிக்குது. அதுக்கு ரீகோன்தான் வழி.

6.4 சரியான அளவுதான். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டர்ல 6-லேர்ந்து 7-க்குள்ள நிக்கும். 16 ஓம்னா 12, 13. 4 ஓம்னா மூணு சொச்சம்.

முத்திரையில 465 ஆக்ஸ்ஃபோர்டோட எண். அடுத்த 6 வருஷம், 32 வாரம். அதாவது 1966 ஆகஸ்ட். ஜென்சன்னா 220-ல ஆரம்பிக்கும், சிடிஎஸ் 137, யூட்டா 328. அவுட்புட் டிரான்ஸ்பார்மர்ல (வால்வையும் ஸ்பீக்கரையும் இணைக்கிறது) 606-ல தொடங்குற எண் இருக்கும், அது ஷூமேக்கர் கம்பெனியோட எண். அந்த வாரமும் ஸ்பீக்கர் வாரமும் சில மாசத்துக்குள்ள இருந்தா ஆம்ப் ஃபேக்டரியை விட்டு வரும்போதே இருந்த ஸ்பீக்கராத்தான் இருக்கும். அதை விக்காதீங்க. கோன் மேல எதுவும் படாம அட்டைப் பெட்டியில போட்டு எடுத்து வையுங்க. பின்னாடி ஆம்ப்பைக் கைமாத்தும்போது அது பெட்டிக்குள்ள இருக்கிறதும் இல்லாததும் விலையில தெரியும்.

பட்டியல்ல புளூவை அடிச்சுடுங்க. அது 15 வாட். உங்க ஆம்ப்போட 22 வாட் கிளீன் கணக்கு. வால்யூமை முழுசா திருகினா அலை சதுரமாகி, அதே உயரத்துக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு பவர் போகும். வாக்ஸ் ஏசி30-ல புளூ தாக்குப் பிடிக்குதேன்னா, அங்க ரெண்டு போட்டிருக்காங்க. தனியா ஒண்ணுதான்னா 40 வாட்டுக்குக் கீழ எதையும் வாங்காதீங்க.

அரைஓம்

வாட் எண்ணிக்கை ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. எவ்வளவு சத்தம் தரும் என்பதற்கு சென்சிட்டிவிட்டியைப் பார்க்க வேண்டும்: 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளக்கும் டெசிபல். 22 வாட் ஆம்ப்பில் தேர்வின் பாதி இந்த எண்ணில்தான் இருக்கிறது.

3 டெசிபல் கூடினால் பவரை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். செலஸ்டியன் கிரீம்பேக் எம்65 97 டெசிபல். கேனபிஸ் ரெக்ஸ் சுமார் 102. வித்தியாசம் 5. முதலாவதில் 22 வாட் தரும் சத்தத்தை இரண்டாவது 7 வாட்டிலேயே தந்துவிடும். டிரம்ஸுடன் வாசிக்கும்போது 97 டெசிபல் ஸ்பீக்கர் போட்டால் வால்யூமை 6, 7-க்கு ஏற்ற வேண்டிவரும். அங்கே 6வி6 பவர் வால்வுகள் தரும் ஒலி உடைய (டிஸ்டார்ட் ஆக) ஆரம்பித்துவிடும், கிளீன் கிடைக்காது. ஸ்பீக்கர் மாற்றினால் டோன் மட்டும்தான் மாறும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை: ஆம்ப் எந்த இடத்தில் உடையும் என்பதும் கூடவே மாறுகிறது. வீட்டில் தாழ்ந்த சத்தத்தில் உடைந்த ஒலி வேண்டும் என்பவருக்கு இதே கணக்கு தலைகீழ். அவருக்கு 97-தான் நல்லது.

ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு கம்பெனியும் இந்த எண்ணை ஒவ்வொரு விதமாக அளக்கிறது. ஒரே கம்பெனியின் இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிட அது நம்பகமானது. வேறு வேறு கம்பெனிகளுக்கு இடையே 1 டெசிபல் வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கரகரப்பு

யாரும் இன்னும் சர்க்யூட் பக்கமே வரலையே. டீலக்ஸ் ரிவர்ப்ல மிடில் குமிழ் கிடையாது. அந்த இடத்துல 6.8 கிலோஓம் ரெசிஸ்டர் ஒண்ணு நிலையா உக்காந்திருக்கு. டோன் ஸ்டாக் (டோன் குமிழ்களோட சர்க்யூட்) நடு ஒலியைக் குழி தோண்டி வெச்சிருக்கு, அதை நிரப்ப குமிழும் இல்லை. வைப்ரேட்டோ சேனல் வால்யூம்ல 47 பிகோஃபாரட் பிரைட் கெப்பாசிட்டர் வேற. வால்யூம் 3, 4-ல மேல் ஒலி ஏற்கெனவே தூக்கலா இருக்கும்.

இந்த ஆம்ப்புல விண்டேஜ் 30 போட்டா என்ன ஆகும்? அதோட மேல்-நடு ஒலி 2-3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மேடு. மார்ஷல் மாதிரி ஆம்ப்புல, மூடின பெட்டியில, டிஸ்டார்ஷனோட அந்த மேடு அழகா வெட்டும். பிரைட் கெப்பாசிட்டர் இருக்கிற ஃபெண்டர்ல, அதுவும் டெலிகாஸ்டர் பிரிட்ஜ் பிக்கப்போட, காதைக் குத்தும். அந்த ஸ்பீக்கரைக் குறை சொல்லலை, ஜோடிதான் சரியில்லை. ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) கிட்டார்காரர் இதையே கேட்டிருந்தா என் பதில் வேற.

உங்க வேலைக்கு சி12என். 50 வாட், மேல் ஒலி தெளிவு, கீழ் ஒலி இறுக்கம். கொஞ்சம் கண்ணாடித்தனம் இருக்கும், அது ஃபெண்டர் சத்தத்துல ஒரு பங்கு. அதுவும் கூர்மையா பட்டா கேனபிஸ் ரெக்ஸ். சணல் கலந்த கோன், மேல் ஒலி உருண்டு வரும், சத்தமும் ஜாஸ்தி. பழைய ஃபெண்டர் கண்ணாடி வேணும்னா அதுல கிடைக்காது.

பேஸ் 5-ல வெச்சிருக்கேன்னு சொன்னீங்க. வால்யூம் 5-ல பேஸ் 3-க்கு மேல போனா எந்த ஸ்பீக்கரும் தொளதொளன்னுதான் இருக்கும். அது பவர் சப்ளையும் சின்ன அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் பண்ற வேலை. முதல்ல குமிழைத் திருகிப் பாருங்க, காசு செலவில்லை.

தந்தி6

நன்றி அண்ணே. நட்டைத் தளர்த்தியும் திருப்பி மாட்டியும் பார்த்தாச்சு, உரசல் அப்படியே இருக்கிறது. டிரான்ஸ்பார்மர் எண் 606-626. ஆக, கூடவே வந்த ஸ்பீக்கர்தான் போலிருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டை எடுத்து வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று போடுகிறேன்.

இம்பீடன்ஸ் (ஸ்பீக்கரின் ஓம் அளவு) பற்றி ஒரு கேள்வி. நல்ல விலையில் 16 ஓம் சி12என் ஒன்று கிடைக்கிறது. 8 ஓம் இடத்தில் அதைப் போட்டால் ஆம்ப் கெடுமா?

அரைஓம்

வாங்க வேண்டாம். காரணம் இது: அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்கு சொந்தமாக இம்பீடன்ஸ் கிடையாது, விகிதம்தான் உண்டு. உங்கள் டிரான்ஸ்பார்மர் 8 ஓமை வால்வுகளுக்கு சுமார் 6600 ஓமாகக் காட்டுகிறது. 16 ஓம் மாட்டினால் வால்வுகள் சுமார் 13,000 ஓமைப் பார்க்கும். பவர் குறையும். அதைவிட முக்கியம், ஆம்ப்பை நன்றாக உடைத்து வாசிக்கும்போது பிரைமரி பக்கம் (டிரான்ஸ்பார்மரின் வால்வுப் பக்கம்) மின்னழுத்தம் மிக உயரமாக எகிறும். வால்வின் பிளேட்டில் ஏற்கெனவே 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது. அறுபது ஆண்டுப் பழைய இன்சுலேஷனும் தூசி படிந்த சாக்கெட்டும் அதைத் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சாக்கெட்டில் பொறி பறந்து கரிக்கோடு விழுந்தால் அது மறுபடி மறுபடி பறக்கும்.

எதிர்ப்பக்கம், 4 ஓம் போட்டால் வால்வுகளில் மின்னோட்டம் கூடும், ஆயுள் குறையும், ஆனால் டிரான்ஸ்பார்மருக்கு ஆபத்து குறைவு. ஃபெண்டர் ஆம்ப்கள் அதைப் பொறுத்துக்கொள்ளும். எக்ஸ்டென்ஷன் ஜாக்கை (இரண்டாவது ஸ்பீக்கரைச் சொருகும் துளை) இணையாகக் கொடுத்ததே அந்தத் துணிச்சலில்தான். ஒற்றை ஸ்பீக்கருக்கு 8 ஓம் என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்ப்பை ஓட்டவே கூடாது. ஃபெண்டரின் மெயின் ஜாக்கில் பிளக் இல்லாதபோது செகண்டரி (டிரான்ஸ்பார்மரின் ஸ்பீக்கர் பக்கம்) தானாக ஷார்ட் ஆகும், அது ஒரு பாதுகாப்பு. ஆனால் அதனாலேயே எக்ஸ்டென்ஷன் ஜாக்கில் மட்டும் ஸ்பீக்கரைச் சொருகினால் சத்தமே வராது. ஆம்ப் போய்விட்டது என்று பயந்து உள்ளே திறப்பவர்கள் உண்டு.

நிக்கல்மணி

எல்லாரும் ஃபெரைட் காந்த ஸ்பீக்கரையே சொல்றீங்க. வால்வு ஆம்ப்புக்கு அல்னிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்தம்) தவிர வேற எதுவும் உயிரோட இருக்காது. ஜென்சன் பி12என் போடுங்க, 50 வாட் தாங்கும். அல்னிகோ சத்தம் கூடக்கூட மெதுவா அமுங்கிக் கொடுக்கும், ஃபெரைட் அப்படியே கத்தும்.

அரைஓம்

பி12என் நல்ல ஸ்பீக்கர், மறுக்கவில்லை. காரணம்தான் சரியில்லை. சத்தம் கூடும்போது அமுங்குவதில் பெரும் பங்கு வாய்ஸ் காயில் சூடாவதால் வருவது. செம்பின் ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரி செல்சியஸுக்கு 0.39 சதவீதம் ஏறும். காயில் 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் 6.4 ஓம் கிட்டத்தட்ட 9 ஓம் ஆகிவிடும். இது எந்தக் காந்தத்திலும் நடக்கும். கோன் காகிதத்தின் தடிமன், அதன் விளிம்பில் பூச்சு இருக்கிறதா, நடு மூடியின் அளவு, காயிலின் விட்டம், இவை காதுக்குத் தெரியும் அளவுக்கு மாற்றுகின்றன. சி12என், பி12என் இரண்டையும் கண்ணை மூடிக் கேட்டால் வித்தியாசம் தெரியலாம். ஆனால் அது காந்தத்தால் மட்டும் வந்தது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

நிக்கல்மணி

காது கேக்குறதை மீட்டர் சொல்லாது சார். 😀

கரகரப்பு

கேக்குற இடத்தையாவது சரி பண்ணிட்டுக் கேளுங்க. 12 அங்குல கோன் 1.3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல டார்ச் அடிச்ச மாதிரி நேரா வீசும். ஆம்ப் தரையில, நீங்க நின்னுக்கிட்டு வாசிச்சா உங்க முழங்காலுக்குத்தான் மேல் ஒலி கேக்கும். அங்க நின்னு டிரெபிளைக் கூட்டி, 'இந்த ஸ்பீக்கர் மங்கல்'னு தீர்ப்பு எழுதுவாங்க. எதிர்ல உக்காந்திருக்கிறவன் காது கிழியும். ஆம்ப்பை ஸ்டூல் மேல வெச்சு, மூணு மீட்டர் தள்ளி, கோன் உயரத்துல காதை வெச்சு ஒரு தடவை, பக்கவாட்டுல நின்னு ஒரு தடவை கேட்டாத்தான் ஒப்பீடு. சென்சிட்டிவிட்டி கூடின ஸ்பீக்கர் எப்பவும் 'நல்லாயிருக்கு'ன்னு தோணும், ஏன்னா சத்தமா இருக்கு. வால்யூமைச் சமன் பண்ணிட்டுத்தான் தீர்ப்பு.

மரப்பெட்டி

பொருத்தும் விஷயம். காந்தத்தின் விட்டத்தையும் ஸ்பீக்கரின் ஆழத்தையும் ஆர்டர் போடும் முன் அளந்து பாருங்கள். டீலக்ஸ் ரிவர்ப்பில் சேஸி (சர்க்யூட் இருக்கும் உலோகத் தட்டு) மேலே தலைகீழாகத் தொங்குகிறது. 6வி6, ரெக்டிஃபையர் வால்வு, டிரான்ஸ்பார்மர் எல்லாம் ஸ்பீக்கருக்குப் பின்னால் கீழ்நோக்கி நிற்கின்றன. பெரிய ஃபெரைட் காந்தம் வால்வுக் கண்ணாடிக்கு மிக அருகில் வந்துவிடும். குறைந்தது 2 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள், ஆம்ப்பை வண்டியில் ஏற்றி இறக்கும்போது பெட்டி நெளியும். எடையும் கணக்கில் வரும். கிரீன்பேக் மாதிரி ஸ்பீக்கர் மூன்றரை கிலோ. எலக்ட்ரோ-வாய்ஸ் இவிஎம்12எல் 8 கிலோவைத் தாண்டும். அந்த எடைக்குப் பழைய முன் பலகை வளையும், திருகு பிடித்த இடம் பொடியும்.

மாற்றும்போது மெயின் பிளக்கைப் பிடுங்கி, வால்வு ஆறக் காத்திருங்கள். பின் பலகைகளைக் கழற்றி ஸ்பீக்கர் வயரைச் சேஸியிலிருந்து உருவுங்கள். சேஸியைத் திறக்கத் தேவையே இல்லை, உயர் மின்னழுத்தம் இருக்கும் பக்கம் போகாதீர்கள். ஆம்ப்பை முகம் கீழே படும்படி மெத்தைத் துணியில் படுக்க வைத்தால் ஸ்பீக்கர் நழுவாது, ஸ்க்ரூடிரைவர் கோனில் பாயும் வாய்ப்பும் குறையும். நட்டுகளை எதிர் எதிராக, விரலால் முடிந்தவரை இறுக்கி, பிறகு கால் சுற்று. ஸ்பீக்கருக்கும் பலகைக்கும் நடுவே உள்ள கேஸ்கெட் கொஞ்சம் அமுங்கினால் போதும்.

பழைய பலகையில் புதிய ஓட்டை போடாதீர்கள். இருக்கும் போல்ட்டுக்கு ஒத்த சட்டத்தைத் தேடுங்கள். வயருக்குக் கிட்டார் கேபிளைப் பயன்படுத்த வேண்டாம், சாதாரண இரட்டை வயர் போதும். தகட்டில் சூட்டுக்கோலை மூன்று நான்கு விநாடிக்கு மேல் வைத்தால் காயிலுக்குப் போகும் பின்னல் கம்பி வரை ஈயம் ஏறிக் கம்பி விறைத்துவிடும். விறைத்த இடத்தில் ஒரு நாள் அறுந்து போகும்.

குறுக்கே_வரலாமா

தலைப்புக்குப் பக்கத்துக் கேள்வி, மன்னிக்கவும். 1946 ஃபெண்டர் மர ஆம்ப், ஜென்சன் ஃபீல்டு காயில் ஸ்பீக்கர் (நிலைக்காந்தத்துக்குப் பதில் மின்காந்தச் சுருள் உள்ளது). அதன் ஃபீல்டு காயில் அறுந்துவிட்டது. சாதாரண நிலைக்காந்த ஸ்பீக்கரை நேராக மாட்டலாமா?

வால்வுராசா

நேரா மாட்டினா ஆம்ப்பே ஓடாது. அந்தக் காயில் காந்தத்துக்கு மட்டும் இல்ல, பவர் சப்ளைக்கு சோக்காவும் (ஹம்மை வடிகட்டுற சுருள்) அதுதான் வேலை செய்யுது. அந்த இடத்துல வெறும் வயர் போட்டுப் பாலம் கட்டினா பி-பிளஸ் (வால்வுக்குப் போற உயர் மின்னழுத்தம்) ஏறி கெப்பாசிட்டரும் வால்வும் அடி வாங்கும், ஹம்மும் வரும்.

கணக்கு இப்படி. உதாரணத்துக்கு ஃபீல்டு காயில் 1000 ஓம், அது வழியா 70 மில்லியாம்ப் போகுதுன்னா 70 வோல்ட் விழும். அதே 70 வோல்ட்டைப் புதுசும் இழுக்கணும். 10 ஹென்ரி, 100 மில்லியாம்ப் சோக் வாங்குங்க, அதோட ரெசிஸ்டன்ஸ் 250 ஓம்னா மீதி 750 ஓமுக்கு வயர்வவுண்ட் ரெசிஸ்டர் தொடரா போடணும். அதுல 3.7 வாட் சூடு வரும், 15 வாட் ரெசிஸ்டர் போட்டாத்தான் நிம்மதியா தாங்கும். உங்க காயில் அளவு அறுந்ததால மீட்டர்ல தெரியாது, சர்க்யூட் படத்துலேர்ந்து எடுங்க. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் ஸ்பீக்கர் சட்டத்து மேலேயே இருந்தா அதை எங்க மாத்தி வைக்கப் போறீங்கன்னும் யோசிங்க. தனி இழை போட்டீங்கன்னா விவரமா பேசலாம்.

தந்தி6

முடிவு: சி12என், 8 ஓம். புது ஸ்பீக்கரை வாசித்துப் பழக்கப்படுத்த வேண்டும் என்கிறார்களே, அது உண்மையா?

கரகரப்பு

உண்மைதான், ஆனா மந்திரம் இல்ல. ஸ்பைடரும் (காயிலை நடுவுல பிடிக்கிற நெளி வளையம்) கோன் விளிம்பும் கொஞ்சம் இளகும், மேல் ஒலியில முள் மாதிரி இருக்கிறது தணியும். பதினஞ்சு இருபது மணி நேரம் வாசிச்சாலே போதும். அவசரம்னா 6.3 வோல்ட் ஃபிலமென்ட் டிரான்ஸ்பார்மரை நேரா ஸ்பீக்கர்ல குடுத்து விடுறவங்க உண்டு. 8 ஓமுக்கு 5 வாட் ஆகுது, தாங்கும். வீட்டுல இருக்கிறவங்க தாங்குவாங்களான்னு தெரியாது. பழக்கினா கெட்ட ஸ்பீக்கர் நல்லதாகாது. முதல் நாளே பிடிக்கலைன்னா இருபதாவது மணி நேரத்துலயும் பெருசா பிடிக்காது.

வால்வுராசா

இன்னொண்ணு. 230 வோல்ட் ஊர்ல அமெரிக்க ஆம்ப்னா மின்னழுத்தத்தைக் குறைக்கிற ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டிருப்பீங்க. அதோட அவுட்புட் எத்தனை வோல்ட்னு ஆம்ப் ஓடும்போதே அளந்துடுங்க. 110-ன்னு எழுதியிருக்கிற டிரான்ஸ்பார்மர்ல சுமை ஏறினா 105 வரை இறங்கும். வால்வு ஹீட்டரும் பிளேட் மின்னழுத்தமும் சேர்ந்து குறையும், கீழ் ஒலி தொளதொளக்கும். பழி ஸ்பீக்கர் மேல விழும். 300 விஏ-வுக்குக் குறையாம எடுங்க.

தந்தி6

அளந்தேன் அண்ணே, 117 காட்டுகிறது. கடைசிக் கேள்வி: பெரிய ஹாலுக்கு எக்ஸ்டென்ஷன் ஜாக்கில் இன்னொரு பெட்டி சேர்ப்பதென்றால் 8 ஓமா, 16 ஓமா?

அரைஓம்

8 போட்டால் மொத்தம் 4 ஓம், இரண்டுக்கும் சம பவர். 16 போட்டால் மொத்தம் 5.3 ஓம், ஆம்ப்புக்கு அது மேலும் இதமானது. ஆனால் 16 ஓம் ஸ்பீக்கருக்கு மூன்றில் ஒரு பங்கு பவர்தான் போகும். அதனால் அந்தப் பெட்டியில் சென்சிட்டிவிட்டி கூடின ஸ்பீக்கரைப் போட்டால் சமன் ஆகிவிடும். இரண்டும் ஒரே திசையில் அசைகின்றனவா என்று பாருங்கள். வயரை ஆம்ப்பிலிருந்து உருவிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸை ஸ்பீக்கரின் பிளஸில் ஒரு கணம் மட்டும் தொட்டால் கோன் வெளியே தள்ள வேண்டும். ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் போனால் கீழ் ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். பழைய ஜேபிஎல் டி120எஃப் கிடைத்தால் கவனம்: அதில் பிளஸைச் சிவப்புத் தகட்டில் தொட்டால் கோன் உள்ளே இழுக்கும். அதற்கு மட்டும் வயரை மாற்றி மாட்டுங்கள்.